தண்ணீருக்குள் போன ஊரும் கெதரப் பெயரும்

"எங்கட மூத்தவங்க எங்கேருந்து வந்தாங்க?" என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்டப் பழைய தெல்தெனிய இல்லை. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை அதை விழுங்கிவிட்டது. கடதாசிகள் மிஞ்சியிருக்கின்றன.

முதலில் வாப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழியைப் பார்த்ததால், பிந்திய சான்றிதழ்களில் பாட்டன், பூட்டன் பெயரும் பிறந்த இடமும் எழுதக் கூண்டுகள் உண்டு.

அடுத்தது கெதரப் பெயர். கண்டி இராச்சியத்தில் நம்மவர் பொதிமாட்டுப் போக்குவரத்தான மடிகே பத்தவிலும் அரச வைத்தியத்திலும் இருந்தார்கள். வைத்தியதிலக்க ராஜகருணா கோபால முதலியார் என்ற பெயரிலேயே தொழிலும் அரசன் தந்த பட்டமும் தெரிகிறதே! இப்போது நாம் கெதரப் பெயரை இரண்டு இனிஷலாகச் சுருக்கிவிட்டோம். பேரனுக்கு அது வெறும் எழுத்து.

இந்த இரண்டிலும் பெண்வழி முழுதாகக் கிடைக்காது. அதற்குக் காணி உறுதிதான். மார்க்கப்படி மகளுக்கும் சகோதரிக்கும் பங்கு உண்டு. ஆகவே பாகம் பிரித்த உறுதிகளில் அவர்கள் பெயரும் வரும். உம்மும்மா ஹயாத்தோடு இருக்கும்போதே அதை வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பெண் யார், எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார் என்று அவர்தான் சொல்வார்.