குரங்குக்குப் பகல், தேவாங்குக்கு இரவு

உத்திரமேரூர்ப் பக்கம் கோயில் மதிலிலும் சாலையோரப் புளியமரத்திலும் தாவுகிறதே, அது நாட்டுக்குரங்கு. உச்சிமுடி சுழித்து நாலாபுறமும் விரிந்திருக்கும். இந்தியத் தீபகற்பத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம்.

கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் அதற்கொரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது: தேவாங்கு. எடை கால் கிலோ சொச்சம். வால் கிடையாது. 2022இல் கடவூரில் 11,806 ஹெக்டேரை இதற்கென்றே சரணாலயமாக அரசு அறிவித்தது. இரண்டுமே முதனிகள், அதாவது மனிதனும் அடங்கிய பாலூட்டி வரிசை. ஆனால் குடும்பம் வேறு. வழி பிரிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. உறவுமுறை பார்த்தால், நாட்டுக்குரங்குக்குத் தேவாங்கைவிட நாம்தான் நெருக்கம்!

குரங்கு பகலில் மேய்கிறது. அதன் விழித்திரையில் நம்மைப்போலவே மூவகை நிறமுணர் செல்கள். பச்சை இலைக்குள் சிவந்த பழம் பளிச்சென்று தெரியும். இரவில் இரைதேடும் தேவாங்குக்கு அவற்றில் ஒரு வகைதான் மிச்சம், நிறங்களைப் பிரித்தறியாது. பதிலுக்குக் கண்ணின் பின்புறம் ஒளியெதிர்ப் படலம் என்ற மெல்லிய அடுக்கு உண்டு. விழித்திரை தவறவிட்ட ஒளியை அது திருப்பியனுப்புகிறது; அதே ஒளியைப் பிடிக்க இன்னொரு வாய்ப்பு. டார்ச் வெளிச்சத்தில் பூனைக்கண் மின்னுவதும் இந்த அடுக்கால்தான்.

உணவைப் பறித்தவுடன் குரங்கு விழுங்குவதில்லை. சந்தைக்குப் போகிறவர் மடித்து எடுத்துப்போகும் பை மாதிரி, கன்னத்துக்குள் இரண்டு பைகள். அவசரமாக அடைத்துக்கொண்டு ஓடி, சாவகாசமாக மெல்லும். தேவாங்குக்கு ஓட்டமே பிடிக்காது. பூச்சிக்குத் தெரியாமல் அங்குலம் அங்குலமாக நெருங்கும்; கடைசி நொடியில் கை பாயும். ஆட்காட்டி விரல் குட்டையாகிப் போனதால் அதன் பிடி இடுக்கியாகிவிட்டது. கைகால்களில் ரத்தக்குழாய்கள் வலையாகப் பின்னியிருப்பதால், நெடுநேரம் கிளையைப் பற்றியிருந்தாலும் தசை சோர்வதில்லை என்கிறார்கள்.

பேன் பார்க்கக் குரங்குக்கு விரல்கள் போதும். தேவாங்குக்குக் கீழ்வாய் முன்பற்களே சீப்பு. காலின் இரண்டாம் விரலில் மட்டும், சொறிந்துகொள்ள, கூரிய நகம். மற்றதெல்லாம் தட்டை நகம்.

எனக்கு ஆகப் பிடித்த வேற்றுமை ஈரலில் இருக்கிறது. தேவாங்கு வகையினரின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஒன்றிடம் அதற்கான மரபணு பழுதாகிவிட்டது. பிறகு யாரும் சரிசெய்யவில்லை. கொய்யா மரத்தில் ஏறும் குரங்கும், அதை விரட்டிவிட்டு அதே கொய்யாவைக் கடிக்கும் தோட்டக்காரரும் அந்தப் பழுதுக்குத்தான் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்கள்.