ஈரலில் தேங்கும் மருந்து

இரத்தத்தில் ஏற்றப்படும் நுண்துணிக்கைகளை ஈரல் எளிதில் கடந்துபோக விடுவதில்லை. அதன் குருதி நுண்குழாய்களின் சுவரில் ஒட்டியிருக்கும் கூஃப்பர் கலங்கள், அந்நியமாகத் தோன்றும் எதையும் விழுங்குவதையே வேலையாகக் கொண்டவை. புற்றுக்கட்டியை நோக்கி அனுப்பப்படும் நனோ துணிக்கைகள், அதாவது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படும் துணிக்கைகள், பெருமளவில் ஈரலிலேயே தேங்கிவிடுவது ஆய்வாளருக்கு ஓயாத தொல்லை. ஆனால் நோயே ஈரலில் குடியிருந்தால் அந்தத் தொல்லையே கைகொடுக்கிறது.

பீகாரின் காலா அசார் இதற்குத் தெளிவான சான்று. மணல் ஈ கடிப்பதால் பரவும் லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணி, ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள அந்த விழுங்கு கலங்களுக்குள்ளேயே பெருகுகிறது. அதற்கு எதிரான அம்போடெரிசின் வலிமையான மருந்துதான். ஆனால் ஏற்றும்போதே குளிர்நடுக்கத்தையும் காய்ச்சலையும் தருவதுடன் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. அதையே லிப்போசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து செலுத்தினால், குமிழியை விழுங்கும் கலம் ஒட்டுண்ணிக்கான நஞ்சையும் சேர்த்தே விழுங்குகிறது. ஷ்யாம் சுந்தர் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே தடவை ஏற்றிய குமிழி மருந்து 95.7 வீதத்தினரைக் குணப்படுத்தியது. பழைய முறையில் ஒன்றுவிட்ட நாட்களில் 15 தடவை ஏற்றியபோது கிடைத்தது 96.3 வீதம்.

விழுங்கு கலங்களைத் தாண்டி ஈரலின் சொந்தக் கலங்களை அடைவது வேறு கதை. நுண்குழாய்ச் சுவரில் ஏறத்தாழ 100 நனோமீற்றர் அகலத் துளைகள் உள்ளன. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தொழிற்சாலைகளின் சல்லடை தூளைக் கீழே விட்டு இலையை மேலே நிறுத்துவதுபோல, அவை சிறிய துணிக்கைகளை மட்டுமே உள்ளே விடுகின்றன. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான் இவ்வழியில் செல்லும் மருந்து.

பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஒட்டுண்ணியியல் துறையினர் ஆராய்ந்துள்ள லீஷ்மேனியா நோய்க்குக் காரணமும் அதே டொனோவானிதான். ஆயினும் இலங்கையில் அது பெரும்பாலும் ஈரலுக்குப் போவதில்லை; முகத்திலோ கையிலோ வலியற்ற சிறு பருவாகத் தோன்றி, பொருக்கு கட்டி, புண்ணாகிறது. நோய் தோலில் இருக்கையில் ஈரலின் விழுங்கும் இயல்பால் பயனில்லை. ஆகவே இங்கு, புண்ணுக்குள்ளேயே அந்திமனி மருந்தை ஊசியால் ஏற்றுவதோ, திரவ நைதரசனால் புண்ணை உறையவைப்பதோ வழக்கமாக இருக்கிறது.