விலைபோன வீரரும் விட்டுக்கொடுத்த தேசமும்

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022-ம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44-வது உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. ருஷ்யாவில் நடக்கவேண்டிய பந்தயம் அது. உக்ரேன் யுத்தம் காரணமாக அங்கிருந்து மாற்றப்பட்டு, செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. முதற் பரிசு அமெரிக்கக் கோஷ்டிக்கே என்று பந்தயம் தொடங்குமுன் பலரும் எண்ணினர். அக்கோஷ்டியில் ஐந்து பேர். லெவோன் அரோனியன் ஆர்மீனியாவிலிருந்தும், வெஸ்லி ஸோ பிலிப்பைன்ஸிலிருந்தும், லெய்னியர் டொமிங்கஸ் கியூபாவிலிருந்தும் வந்தவர்கள். பாபியானோ கருவானா அமெரிக்காவிலே பிறந்தவர். ஆனால் பத்து வருஷம் இத்தாலிக்காக ஆடி 2015-ல் திரும்பியவர். ஆக, ஐவரில் நால்வர் வேறு தேசத்துக் கொடியின்கீழ் ஆடிவிட்டு வந்தவர்கள்.

கையிலிருக்கும் மாணிக்கத்தை எவரேனும் மனமறிந்து பிறருக்குக் கொடுப்பரோ? சிறந்த ஆட்டக்காரரை அவரது சொந்த ஸ்தாபனமோ சொந்த தேசமோ ஏன் கைவிடுகிறது? பணத் தகராறு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அத்தகராற்றின் அடியில் இருப்பது என்ன என்பதை நாம் ஆராய வேண்டும். ஏனெனில் அவ்விஷயம் நமது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

இவ்வியாபாரத்தைச் சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய தேசிய ஆட்டமாகிய பேஸ்பாலில் பேப் ரூத் என்பவரின் கதை யாவரும் அறிந்தது. பாஸ்டன் நகரத்து ரெட் ஸாக்ஸ் கோஷ்டியில் அவர் வருஷத்துக்குப் பதினாயிரம் டாலர் சம்பளத்துக்கு ஆடிவந்தார். 1919-ல் எவரும் அதுவரை கண்டிராத வகையில் 29 ஹோம் ரன்கள் அடித்தார். இருபதினாயிரம் டாலர் கேட்டார். கோஷ்டியின் முதலாளியோ நாடகங்கள் தயாரிப்பவர், கடன்காரர். அவர் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டிக்கு ஒரு லக்ஷம் டாலருக்கு விற்றுவிட்டார். அதோடு மூன்று லக்ஷம் டாலர் கடனும் பெற்றார். மறு வருஷமே ரூத் 54 ஹோம் ரன்கள் அடித்தார். 1918-ல் உலகப் பந்தயத்தில் வென்ற பாஸ்டன், அடுத்த வெற்றிக்காக 2004 வரை காத்திருந்தது.

முதலாளியை மூடர் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. அவர் நிலையில் இருப்பவர் போடும் கணக்கு மூன்று வகைப்பட்டது. ஒருவருக்குச் சம்பளத்தை இரட்டித்தால் நாளை மற்றவர்களும் வாசலில் வந்து நிற்பார்கள் என்ற பயம் முதலாவது. ஒப்பந்தம் முடிந்தபின் ஆட்டக்காரர் சும்மா போய்விட்டால் ஒரு காசும் மிஞ்சாது, இன்றே கொடுத்தால் ஏதேனும் கிடைக்கும் என்ற எண்ணம் இரண்டாவது. மூன்றாவதுதான் பெரிது: “நம்மால் வளர்ந்தவன் நம்மையே கேள்வி கேட்பதா?” என்ற அகங்காரம். முதல் இரண்டும் கணக்குப் புஸ்தகத்தில் எழுதப்படுபவை. மூன்றாவது எங்கும் எழுதப்படுவதில்லை. ஆயினும் பல சமயங்களில் தீர்ப்புச் சொல்வது அதுவே.

ஆட்டக்காரர் தரப்பில் அக்காலத்தில் எந்த உரிமையும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் பழைய கோஷ்டிக்கே கட்டுப்பட்டவர் என்று ஒரு ஷரத்து இருந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்துக் கோஷ்டியில் ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற நீக்ரோ வீரர், தம்மை ஒரு வார்த்தையும் கேளாமல் 1969-ல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து வழக்காடினார். வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம் டாலர் வாங்கியவர் அவர். வாங்கும் பணம் எவ்வளவாயினும் மனிதன் கைமாறும் சரக்கல்ல என்பதே அவர் வாதம். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார். அவருடைய ஆட்டவாழ்வும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் மூன்றே வருஷத்தில், 1975-ல், மத்தியஸ்தர் தீர்ப்பொன்றினால் அந்த ஷரத்து ஒழிந்தது.

சதுரங்கத்தில் முதலாளி இல்லை. தேசிய சம்மேளனங்களே உண்டு. ஆட்டக்காரர் கொடி மாறினால் சர்வதேச சம்மேளனத்துக்குக் கட்டணமும், பழைய சம்மேளனத்துக்கு ஈட்டுத்தொகையும் செலுத்தும் முறை இருக்கிறது. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. வெஸ்லி ஸோ 2013-ல் கஸான் நகரத்தில் நடந்த சர்வகலாசாலை மாணவர் உலகப் போட்டியில் பிலிப்பைன்ஸுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தார். அவர் எதிர்பார்த்த வெகுமதி கைக்கு வரவில்லை. வெகுமதிச் சட்டத்தின் ஜாபிதாவில் அப்போட்டி சேரவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். மறு வருஷம் அவர் அமெரிக்கக் கொடியின்கீழ் போய்விட்டார். 2017-ல் அமெரிக்கச் சாம்பியனும் ஆனார்.

அரோனியன் விஷயம் இதனினும் ஆழ்ந்தது. ஆர்மீனியா சுமார் முப்பது லக்ஷம் ஜனங்களைக் கொண்ட சிறு தேசம். பள்ளிக்கூடங்களில் சதுரங்கத்தைக் கட்டாய பாடமாக்கிய தேசம். 2006, 2008, 2012 ஆகிய மூன்று ஒலிம்பியாட்களிலும் அரோனியனை முன்னிறுத்தித் தங்கம் வென்ற தேசம். அப்படியிருந்தும், சர்க்கார் மாறியபின் சதுரங்கத்தைக் கவனிப்பாரில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறி, 2021-ல் அவர் அமெரிக்கா செல்வதாக அறிவித்தார். அவரை வரவேற்றது செயின்ட் லூயிஸ் நகரத்துச் சதுரங்க சங்கம். கர்ட் ஃப்ளட்டை வெளியே அனுப்பிய அதே நகரந்தான்!

பூஞ்சேரியில் முடிவு என்ன ஆயிற்று? அமெரிக்கா ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. அரோனியனை இழந்த ஆர்மீனியா, தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தானுடன் சம புள்ளிகள் பெற்று, உபகணக்கில் பின்தங்கி வெள்ளி வாங்கியது. நமது இரண்டாவது கோஷ்டி எட்டாவது சுற்றில் அமெரிக்காவை மூன்றுக்கு ஒன்றாக வென்றது. அன்று பதினாறு வயதுச் சிறுவரான ஸ்ரீ குகேஷ் கருவானாவைத் தோற்கடித்தார். அக்கோஷ்டி வெண்கலம் பெற்றது.

இதைக் கொண்டு, விலைகொடுத்துச் சேர்த்த கோஷ்டி வெல்லாது என்று சித்தாந்தம் செய்துவிடக் கூடாது. 2016-ல் பாக்குவில் அமெரிக்கா தங்கம் வென்றபோது கருவானாவும் ஸோவும் அதில் இருந்தனர். 2024-ல் புடாபெஸ்டில் நாம் தங்கம் வென்றபோது வெள்ளி பெற்றதும் அமெரிக்காவே. பணம் பலம் தரும், சந்தேகமில்லை. ஆனால் அரோனியன் போனபின்னும் ஆர்மீனியாவைத் தாங்கி நின்றது எது? அவருக்குப் பின்னால் வரிசையாக நின்ற ஆட்டக்காரர்களே. பயிற்சி வேரூன்றிய இடத்தில் ஒரு கிளை முறிந்தால் மரம் சாய்வதில்லை.

கிரிக்கெட்டில் இவ்வியாபாரத்தை நாம் தினமும் காண்கிறோம். 2012 முதல் சென்னைக் கோஷ்டியுடன் இணைந்திருந்த ரவீந்திர ஜடேஜா, 2023-ம் வருஷத்து இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் வெற்றி தேடித் தந்தவர். 2025 நவம்பரில் அவர் ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார். சஞ்சு ஸாம்ஸன் இங்கே வந்தார். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாயிற்று. கோடிகளில் புரளும் இவர்களுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. நமது கவலையெல்லாம் கோடியை என்றும் காணாத சிறுவரைப் பற்றியது.

மாமல்லபுரத்தில் வெண்கலம் வென்ற ஆண்கள் கோஷ்டிக்கும் பெண்கள் கோஷ்டிக்கும் தமிழ்நாட்டு சர்க்கார் தலா ஒரு கோடி ரூபாய் அளித்தது. 2024 டிஸம்பரில் உலகச் சாம்பியனான ஸ்ரீ குகேஷுக்கு ஐந்து கோடி அளித்தது. பாராட்ட வேண்டிய செயல்கள். பிலிப்பைன்ஸ் செய்த பிழையை நாம் செய்யவில்லை. ஆனால் அந்தச் சிறுவர் வளர்ந்த கதையையும் நினைக்க வேண்டும். வைத்தியரான தந்தை தம் தொழிலை நிறுத்திவிட்டு மகனுடன் ஊர் ஊராய்ச் சென்றார். தாய் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினார். நண்பர்கள் பொருளுதவி செய்தார்கள். வைத்தியர் வீட்டுக்கே இந்தக் கஷ்டம் என்றால், திருக்கழுக்குன்றத்து நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கும், கோவளத்துச் செம்படவர் வீட்டுப் பெண்ணுக்கும் கதி என்ன? சிறந்த ஆட்டக்காரருக்கு உதவச் சர்க்காரில் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும் உதவி, பெயர் எடுத்தவரையே தேடிப்போகிறது. பெயர் எடுக்கும் வரையில் அவரைக் காப்பது யார்?

வெற்றிக்குப் பின் கொடுப்பது வெகுமதி; வெற்றிக்கு முன் கொடுப்பதே ஆதரவு. வெகுமதி கொடுப்பவரின் தயவைப் பொறுத்தது. ஆதரவு, வாங்குபவரின் உரிமையாக இருக்க வேண்டும். ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான்: எந்தப் போட்டிக்கு, எந்த நிலைக்கு, எவ்வளவு தொகை என்பதை முன்கூட்டியே எழுதிப் பிரசுரிக்கட்டும். கிராமத்துச் சிறுவனும் அதைப் படித்து, இது எனக்கு உரியது என்று மனுப் போடட்டும். ஜாபிதாவில் இல்லாத புதிய போட்டி எழுந்தால் அதைச் சேர்ப்பதற்கும் காலவரையறை இருக்கட்டும். ஸோவை அவரது தேசம் இழந்தது ஒரு ஜாபிதாவினால் என்பதை அதிகாரிகள் மறக்கலாகாது.

வீரன் தேசத்தை விட்டுப் போகும்போது அவனைத் துரோகி என்று தூற்றுவது எளிது. அதற்கு முன், அவன் எத்தனை முறை வந்து கேட்டான், எத்தனை முறை வாசலில் காத்திருந்தான் என்று விசாரிக்க வேண்டும். விலைகொடுத்து வாங்கும் சக்தி நமக்கு இல்லாமல் இருக்கலாம். விலைபோகாமல் வைத்துக்கொள்ளும் நியாயம் நம் கையில்தான் இருக்கிறது.