டர்னர் பரிசு

பிரிட்டனின் தற்காலக் கலைக்கான டர்னர் பரிசு 1984-இல் தொடங்கியது. இளம் கலைஞர்களுக்கென ஒரு பரிசு அமைய வேண்டும் என்று விரும்பிய ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. டேட் கலைக்கூடம் இதை நடத்துகிறது. நடுவர் குழு பெரும்பாலும் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும். அவர்களின் படைப்புகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட பிறகே வெற்றியாளர் அறிவிக்கப்படுவார். வெல்பவருக்கு 25,000 பவுண்டு. மற்றவர்களுக்குத் தலா 10,000 பவுண்டு. வாய்ப்புத் தேடும் கலைஞருக்கு இந்த இரண்டாவது தொகையும் பெரிய உதவிதான்.

1991 முதல் 50 வயதுக்கு உட்பட்டோர் மட்டுமே போட்டியிட முடிந்தது. எந்த வயதிலும் ஒரு கலைஞர் புதிதாகக் கவனம் பெறலாம் என்பதால், 2017-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. நியாயமான முடிவு அது. அந்த ஆண்டே, சான்சிபாரில் பிறந்த 63 வயது லுபைனா ஹிமித் வென்றார். இப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 2019-இல் இறுதிக்கு வந்த நால்வரும் கேட்டுக்கொண்டபடி பரிசு அவர்களுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டது.

2024-இல் வென்றவர் கிளாஸ்கோவின் சீக்கியக் குடும்பத்தில் வளர்ந்த ஜஸ்லீன் கௌர். அவர் காட்சிக்கு வைத்தவற்றுள் ஒன்று, பிரம்மாண்டமான வெள்ளைக் குரோஷா பின்னல் விரிப்பு போர்த்திய பழைய சிவப்பு ஃபோர்டு கார்.