வானில் ஒரு சிறு வளிமண்டலம்

நுழையும்முன்

மாலை நேரத்தில் அடையாற்றின் கரையிலோ மயிலாப்பூரின் மொட்டை மாடியிலோ நின்று அண்ணாந்து பார்த்தால், மீனம்பாக்கம் நோக்கி இறங்கும் விமானங்களைக் காணலாம். விமானத்தை இறக்கையும் பொறியும் தூக்கிச் செல்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஆனால், உள்ளே அமர்ந்திருப்போர் மூச்சுவிடும் காற்று எங்கிருந்து வருகிறது? அதன் அழுத்தத்தைக் காப்பது எது? கண்ணுக்குப் புலப்படாத அந்தப் பாதுகாப்பைப் பற்றி விளக்குகிறது இக்கட்டுரை.

மறக்கப்பட்ட ஒரு சுவிட்சு

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் காலை, ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 166 பயணிகளுடன் மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்டது. விமானம் மேலே செல்லச் செல்லப் பயணிகளின் காதுகள் அடைத்து வலித்தன. சிலருக்குத் தலைவலி கண்டது. கூரையிலிருந்து உயிர்வளி முகமூடிகள் தாமாகவே கீழிறங்கின. ஏறத்தாழ முப்பது பேருக்கு மூக்கிலோ காதிலோ குருதி கசிந்தது. விமானம் உடனே மும்பைக்குத் திரும்பியது; அனைவரும் உயிர் பிழைத்தனர்.

இயந்திரம் பழுதுபடவில்லை, விமானத்தின் உடலில் ஓட்டை விழவும் இல்லை. அறைக்குள் அழுத்தத்தை நிலைநிறுத்தும் சுவிட்சை இயக்க விமானக் குழுவினர் தவறிவிட்டனர் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தெரிவித்தது. ஒரு சிறிய சுவிட்சு இயக்கப்படாததால் இவ்வளவும் நேர்ந்தது ஏன் என்பதை அறிய, முதலில் உயரத்துக்கும் காற்றுக்கும் உள்ள தொடர்பை அறிய வேண்டும்.

உயரமும் அழுத்தமும்

நமக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. அதன் எடை நம்மை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தம் உள்ளது. மேலே செல்லச் செல்ல, மேலிருக்கும் காற்றின் அளவு குறைவதால் அழுத்தமும் குறைகிறது. தியாகராய நகரில் வாங்கிய சிற்றுண்டிப் பொட்டலம் உதகையை அடையும்போது பந்துபோல் உப்பியிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். பொட்டலத்தினுள் இருக்கும் காற்றின் அளவு மாறவில்லை. வெளியிலிருந்து அதனை அழுத்திய காற்று மெலிந்துவிட்டதால் அது உப்புகிறது. மலைப்பாதை வளைவுகளில் நம் காது அடைப்பதும் இதே காரணத்தால்தான்.

பயணிகள் விமானங்கள் ஏறத்தாழ 11,000 மீட்டர் உயரத்தில் பறக்கின்றன. அங்குள்ள அழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் கால் பங்குக்கும் குறைவு. வெப்பநிலையோ உறைநிலைக்குக் கீழே 50 பாகையைத் தாண்டிவிடும். அங்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வளி உண்டு. ஆயினும், நுரையீரலிலிருந்து அதனைக் குருதிக்குள் செலுத்தப் போதிய அழுத்தம் இல்லை. அவ்வுயரத்தில் திடீரென அழுத்தம் இழக்கப்பட்டால், ஒருவர் தெளிவாகச் சிந்தித்துச் செயல்படக்கூடிய நேரம் ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே.

எனவேதான் விமானத்தின் உட்புறத்தில் தனியாக ஒரு சிறு வளிமண்டலம் அமைக்கப்படுகிறது. அது கடல்மட்டக் காற்றுக்கு நிகரானது அன்று. வழக்கமான பறத்தலில் அறையின் அழுத்தம் 2,438 மீட்டர், அதாவது 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. உதகை நகரைவிடச் சற்று உயரமானதும் தொட்டபெட்டா சிகரத்தைவிடத் தாழ்வானதுமான ஓரிடத்தில் அமர்ந்திருப்பதற்கு இஃது ஒப்பாகும்.

உள்ளே கடல்மட்ட அழுத்தத்தையே ஏன் வைக்கவில்லை என்னும் வினா எழலாம். 8,000 அடிக்குரிய அழுத்தத்தை வைக்கும்போதே, விமானச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் உள்ளிருக்கும் காற்று ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட விசையுடன் வெளியே தள்ளுகிறது. கடல்மட்ட அழுத்தத்தை வைத்தால் அவ்விசை ஏறத்தாழ எட்டு டன்னாக உயரும். அதைத் தாங்கும் சுவர் மேலும் தடித்ததாகவும் எடை மிக்கதாகவும் இருக்க வேண்டும். மனித உடலின் தேவைக்கும் உலோகத்தின் வலிமைக்கும் இடையே பொறியாளர்கள் கண்ட சமநிலையே இந்த 8,000 அடி.

காற்று வரும் வழியும் போகும் வழியும்

விமானம் தனக்குத் தேவையான காற்றைக் கலன்களில் நிரப்பி எடுத்துச் செல்வதில்லை. பறக்கும்போதே வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான விமானங்களில், இயந்திரத்தினுள் எரிபொருள் எரிவதற்கு முன்பே, அமுக்கிகளால் அழுத்தப்பட்ட தூய காற்றின் ஒரு பகுதி தனிக் குழாய் வழியே எடுக்கப்படுகிறது. அழுத்தப்பட்டதால் அது கடுஞ்சூடாக இருக்கும். அதனைக் குளிர்வித்த பின்னரே அறைக்குள் விடுகின்றனர். போயிங் 787 போன்ற விமானங்களில் இப்பணியை மின்அமுக்கிகள் செய்கின்றன.

அறைக்குள் காற்று கூரையருகே நுழைந்து, இருக்கைகளின் வழியே கீழிறங்கி, தரையை ஒட்டிய துளைகளில் வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி நுண்வடிகட்டிகளில் தூய்மையாகி, புதுக்காற்றுடன் கலந்து மீண்டும் வருகிறது. எஞ்சியது, பெரும்பாலும் விமானத்தின் பின்பகுதியில் உள்ள வெளியேற்று அடைப்பிதழ் வழியே வெளியே செல்கிறது.

அழுத்தத்தை ஆளும் கருவி இந்த அடைப்பிதழே. குழாயிலிருந்து நீர் ஒரே சீராக விழும் தொட்டியின் அடியில் ஒரு துளை இருப்பதாகக் கொள்வோம். துளையைச் சிறிது மூடினால் நீர்மட்டம் உயரும், திறந்தால் தாழும். அதுபோல, காற்று வெளியேறும் வழியைச் சுருக்கியும் விரித்தும் கணினி அறையின் அழுத்தத்தைக் காக்கிறது. ஏதேனும் பழுதால் அழுத்தம் மிகுந்துவிட்டால், சமையலறைக் குக்கரின் பாதுகாப்பு அடைப்பிதழ்போலத் தாமாகவே திறக்கும் காப்பு அடைப்பிதழ்களும் உண்டு.

மும்பை நிகழ்வு இப்போது விளங்கும். தொட்டியில் நீர் விழும் குழாயே திறக்கப்படவில்லை என்றால், அடியிலுள்ள துளையைக் கட்டுப்படுத்தி என்ன பயன்?

விபத்துகள் தந்த பாடங்கள்

இன்றைய பாதுகாப்பு விதிகள் பலவற்றுக்குப் பின்னே இழந்த உயிர்கள் இருக்கின்றன. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் 1952இல் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து கல்கத்தா, கராச்சி வழியாக இலண்டன் சென்றுகொண்டிருந்த காமெட் ஒன்று இத்தாலியின் எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. அதிலிருந்த 35 பேரும் இறந்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று மற்றொரு காமெட் 21 பேருடன் கடலில் வீழ்ந்தது.

காரணத்தைக் கண்டறிய, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலைப் பெருந்தொட்டி நீரில் அமிழ்த்தி, உள்ளேயும் நீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் ஆய்ந்தனர். அதன் முந்தைய பறத்தல்களையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் விமானத்தின் உடல் பிளந்தது. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அஃது ஒடிந்துவிடும் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு பயணத்திலும் உப்பியும் சுருங்கியும் உலோகம் சோர்வுற்று, சுவரில் உள்ள திறப்புகளின் மூலைகளில் விரிசல் கண்டது. உலோகச் சோர்வைக் கணக்கிடாமல் எந்த விமானமும் வடிவமைக்கப்படக் கூடாது என்னும் தெளிவு அதன்பின் பிறந்தது.

மற்றொரு பாடம் மனித மனத்தைப் பற்றியது. 2005 ஆகஸ்டு 14 அன்று, சைப்பிரசிலிருந்து ஏதென்சுக்குப் புறப்பட்ட ஹீலியாஸ் நிறுவன விமானத்தில் அழுத்தக் கட்டுப்பாடு தானியங்கி நிலையில் வைக்கப்படவில்லை. எச்சரிக்கை ஒலி எழுந்தது. ஆனால், தரையில் புறப்பாட்டுக் கோளாற்றைக் குறிக்கும் ஒலியும் அதுவே. விமானிகள் தவறாகப் பொருள்கொண்டனர். சற்று நேரத்தில் நினைவிழந்தனர். தானியங்கி முறையில் பறந்த விமானம் எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. 121 பேர் மாண்டனர். ஓர் ஒலிக்கு இரு பொருள் இருத்தல் எத்துணைப் பெரிய ஆபத்து என்பதை உலகம் உணர்ந்தது. பின்னர், அவ்வகை விமானங்களில் தனி எச்சரிக்கை விளக்குகள் வேண்டுமென விதிக்கப்பட்டது.

முகமூடி கற்பிக்கும் முறை

விமானம் புறப்படும் முன்னர், "முதலில் உங்கள் முகமூடியை அணிந்துகொண்டு, பிறகு பிறருக்கு உதவுங்கள்" என்று பணியாளர்கள் கூறுவர். தாய் தன் குழந்தையை விட்டுவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்வதா என்று தோன்றலாம். உயிர்வளிக் குறைபாடு முதலில் பறிப்பது மனத்தெளிவை. அது பறிபோவதை அவரே உணரமாட்டார். நினைவோடு இருக்கும் தாயால்தான் குழந்தையைக் காக்க முடியும். முகமூடியில் உயிர்வளி ஏறத்தாழ 12 நிமிடங்களுக்கு மேல் கிடைக்கும். அதற்குள் விமானிகள் முகமூடியின்றி மூச்சுவிடக்கூடிய 10,000 அடி உயரத்துக்கு விமானத்தை இறக்கிவிடுவர்.

மீனம்பாக்கத்தை அடுத்த குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில்தான் அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றார். அடையாற்றுப் பகுதியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அத்துறை உள்ளது. நாளை அவ்வகுப்புகளில் அமரவிருப்போர், வலிமையான சுவரை வடிவமைப்பதோடு நின்றுவிடலாகாது. களைப்புற்ற மனிதர் ஒருவர் ஒரு சுவிட்சை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதன் மறக்கக்கூடியவன் என்பதை ஏற்று, அம்மறதியிலிருந்தும் அவனைக் காப்பதே நல்ல வடிவமைப்பு.