முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: எதை எடுத்துக் கொடுப்பது?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பொம்மைக் கடைகளில் ரிமோட் ஹெலிகாப்டர் கேட்டு வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். பலருக்கு அதுதான் முதல் ஹெலிகாப்டர். "நல்லதா ஒண்ணு குடுங்க" என்பார்கள். விலை கூடியதை எடுத்து நீட்டினால் அன்றைய பில் தொகை உயரும். மறுநாள் உடைந்த சாமானோடு அவரே வாசலில் வந்து நிற்பார். இந்தச் சரக்கில் விலை உயர்ந்தது என்றால் பெரும்பாலும் ஓட்டக் கடினமானது என்று பொருள். வியாபாரிகள் இதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

காரணம் எளிது. மேல் விசிறி ஒரு பக்கம் சுழலும்போது ஹெலிகாப்டரின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கவே வால் விசிறி. ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுழலும் மாடலில் இந்தத் திருகல் தானாகவே சமனாகிவிடுகிறது. கை சற்றுத் தவறினாலும் கவிழாது. கோஆக்சியல் எனப்படும் இந்த வகையில், மூன்று சானல் உள்ளதே புதியவருக்கு ஏற்றது. ஏறி இறங்கலாம், இடம் வலம் திரும்பலாம், முன்பின் போகலாம், அவ்வளவு போதும்.

ஒற்றை விசிறியும் நான்கு சானலும் உள்ளது இரண்டாவது வாங்குதலுக்கு. ஆறு சானல் மாடல் இறக்கையின் சாய்வையே மாற்றித் தலைகீழாகவும் பறக்கும். வேகமாகச் சுழலும் அந்த இறக்கை விரலையும் கண்ணையும் காயப்படுத்தக்கூடியது. பத்து வயதுப் பையனுக்காக வருபவரிடம் அதைக் காட்டவே வேண்டாம் என்பது நம் கருத்து.

எங்கே பறக்கவிடப் போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். விலை குறைந்த சிறு மாடல்களில் பல இன்ஃப்ராரெட் கதிரால் இயங்குபவை. வெயில் பட்டால் ரிமோட் சொல்வதைக் கேட்காது. மொட்டை மாடிக்கு உதவாது, ஹாலுக்கு மட்டுமே. சிறிது காற்று வீசினாலும் அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விடும். வெளியில் ஓட்டுவதானால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும், சற்றுக் கனமான மாடலும் வேண்டும்.

நஷ்டம் அதிகம் ஒளிந்திருப்பது பேட்டரியில்தான். இவற்றில் இருப்பது லித்தியம் பாலிமர். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். போன கோடையில் மிஞ்சிய பெட்டி குடோனில் ஓராண்டு கிடந்தால் பேட்டரி செத்திருக்க வாய்ப்புண்டு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதியளவு சார்ஜ் ஏற்றி வையுங்கள். உப்பிய பேட்டரியை விற்கவும் கூடாது, சார்ஜ் போட்டுப் பார்க்கவும் கூடாது, தீப்பிடிக்கும். சிறு மாடல்கள் முக்கால் மணி நேரம் போல சார்ஜ் போட்டால் ஏழெட்டு நிமிடம்தான் பறக்கும். இதை விற்கும்போதே சொல்லிவிட்டால், "சீக்கிரம் நின்றுபோகிறது" என்று பெட்டி திரும்பி வராது. இரவு முழுதும் சார்ஜில் விட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதியவர் கையில் இறக்கை உடையும்; அது சாமானின் குற்றமல்ல. எனவே கொள்முதலின்போதே மொத்த வியாபாரியிடம் இறக்கை செட், பல்சக்கரம், வால் பகுதி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். உதிரி பாகம் கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவானாலும் டெட் ஸ்டாக்தான். கிடைக்குமானால், அந்தச் சிறு பாக்கெட்டுக்காகவே வாடிக்கையாளர் நான்கு முறை கடை ஏறுவார்.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரத்தில் இயங்குபவற்றுக்கு உரிய தர எண் ஐ.எஸ். 15644. பெட்டியில் இது இல்லாத சரக்கை இறக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஓட்டிக் காட்டுவதைக் கடை வாசல் வெயிலில் வைத்துக்கொள்ளாமல் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.