குளத்தோரக் காணியில் அத்திவாரம் வெட்டுமுன் கேட்கவேண்டியவை

ஆவணி மாதத்தில் வன்னிக் குளமொன்றின் அலைகரையில் நின்று பார்த்தால் தண்ணீர் எங்கோ தூரத்தில் தெரியும். காலடியில் காய்ந்த புல்லும் மாடு மேயும் தரையும்தான். வீடு கட்ட நல்ல இடம் என்றே தோன்றும். மாரி மழை பெய்து குளம் வான் பாயத் தொடங்கும்போதுதான் அந்த இடம் யாருடையது என்பது தெரியவரும்.

போர்க்காலத்தில் சிறு குளங்கள் பல ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் கிடந்தன. கட்டு உடைந்து தண்ணீர் தேங்காத குளத்தின் அலைகரை மேட்டுக்காணி போலவே இருக்கும். 2009இன் பின் திரும்பி வந்தவர்களில் பலருக்கு எல்லைக்கல்லோ வேலியோ அடையாளத்துக்கு ஒரு மரமோ மிஞ்சவில்லை. குளம் திருத்தப்பட்டதும் தண்ணீர் தன் பழைய எல்லைக்கே திரும்பும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்ட வெள்ளம் தாழ்நிலத்தில் வீடு கட்டியவர்கள் எவரும் மறக்கக்கூடியதல்ல.

ஒதுக்கப்பகுதி என்றால் என்ன?

குளம் என்பது தண்ணீர் நிற்கும் இடம் மட்டுமல்ல. வான் மட்டத்துக்கு மேலே வெள்ளகாலத்தில் தண்ணீர் ஏறும் ஒரு பட்டியும் அதற்குரியது. குளக்கட்டின் வெளிப்புற அடிவாரமும் அவ்வாறே. அங்கே கிணறோ மலசலகூடக் குழியோ வெட்டினால் கசிவு கூடி கட்டே பலவீனமடையலாம். வான் பாயும் வழியிலும் வாய்க்கால் ஓரத்திலும் மண் நிரப்பினால் அந்தத் தண்ணீர் அயலவரின் வளவுக்குள் போகும்.

இந்தப் பகுதிகளை அத்துமீறிப் பிடிப்பது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி குற்றம். வயல்நிலத்தை நிரப்பவும் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி தேவை. அரச ஒதுக்கப்பகுதியில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் ஆட்சியுரிமை கோர முடியாது.

யாரிடம் கேட்பது?

200 ஏக்கர் வரையான வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளம் என்றால் கமநல சேவை நிலையத்தில் கேட்கவேண்டும். அதைவிடப் பெரியது என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். காணி அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவும், கட்டட அனுமதிக்குப் பிரதேச சபையும் வரும். வீதியோரம் என்றால் கட்டட எல்லையும் உண்டு. ஏ, பீ தர வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகாரசபையும், உள் வீதிகளுக்குப் பிரதேச சபையும் அதைச் சொல்லும்.

கடலோரத்தில் நடைமுறை வேறு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடுக்கும் களப்புகளில் இது மேலும் உள்ளே நீளும். இந்த வலயம் முழுவதும் தடைசெய்யப்பட்ட இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதே பொருள்.

சந்தேகத்துக்கும் காரணம் உண்டு

இத்தகைய கோடுகளை எமது மக்கள் சந்தேகத்துடன் பார்ப்பதில் வியப்பில்லை. 2004 சுனாமிக்குப் பின் தெற்கில் 100 மீற்றரும் வடக்கு கிழக்கில் 200 மீற்றரும் கட்டடம் கட்டத்தகாத இடைவலயமாக அறிவிக்கப்பட்டன. ஒரே கடல், இரண்டு அளவு. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும் நம்பிக்கை திரும்பவில்லை. அரசே அனுமதிப்பத்திரம் கொடுத்துக் குடியமர்த்திய ஒரு குடும்பத்திடம் பின்னர் வந்து ‘இது குளத்து நிலம்’ என்று சொல்வதானால், மாற்றுக்காணியைக் காட்டிவிட்டே சொல்லவேண்டும்.

ஆனால் கோடு போட்டவர்கள்மீது உள்ள கோபத்தில் தண்ணீரின் கோட்டை மறந்துவிடக்கூடாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அதற்குமேல் நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் வீட்டை முடித்தவர்கள் உண்டு. அப்படியொரு வீடு தவறான இடத்தில் எழுந்தால் இன்னொரு முறை கட்டுவதற்கு எவரிடமும் பணம் இருக்காது.

எனவே அத்திவாரம் வெட்டுமுன் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஊரில் உள்ள வயோதிபர்களிடம் வெள்ளகாலத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ, கூடவே அளவைப் படத்தையும் கொண்டுபோய், குளத்து ஒதுக்கப்பகுதியின் எல்லையைக் காட்டும்படி உரிய திணைக்களத்திடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும்.

ஓர் உத்தியோகத்தர் வாயால் சொன்ன ‘பரவாயில்லை, கட்டுங்கோ’ என்பது அவர் இடம்மாறிப் போனதும் செல்லாது. கையில் இருக்கும் கடிதம் செல்லும்.